பேசிக்கொண்டே ஓடியவளுக்கு

தேங்காய் எண்ணெயைச் சூடாக்கிக் கற்பூரத்தைப் பொடித்துப் போட்டேன். அது கரைந்து, பள்ளி நாளில் என் காலுக்கு நீ தேய்த்துவிட்ட அதே வாசம் எழும்பியதும் அடுப்படியில் நீ வந்து நின்றதுபோல் இருந்தது. கூடத்தில் கயல் இடது காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உனக்குத் தெரிந்த கயலுக்கு சைக்கிள் கூட ஓட்டத் தெரியாது. இப்போது என் மகள் ஆறாம் வகுப்பு. பெரிய பள்ளிக்கூடத்தில் ஓட்டக் குழுவுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள்.

இதை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும். போன ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் ஐந்தே நாளில் உன்னைக் கொண்டுபோயிற்று. அதன்பிறகு கயல் தும்மினாலே அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவளாகிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் ஒரு வரி வராது. இப்போது எழுதக் காரணம், அந்தக் காலில் வலியைக் கொண்டுவந்தது நான்தான். அதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

கோடை விடுமுறை முழுக்க அவள் மாம்பழமும் போனுமாகக் கிடந்தாள். பள்ளி திறந்ததும் விளையாட்டு ஆசிரியை, ஐந்து வாரத்தில் குழுவுக்கு ஆள் எடுப்போம் என்று சொல்லிவிட்டார். எனக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. மறுநாளே உச்சிப்புளியிலிருந்து ஸ்கூட்டியில் ஏற்றிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். கால் புதைகிற மணலில் ஓடினால் கால் உரமாகும் என்றுதானே நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள்? ஒரு முனையில் இறக்கிவிட்டுவிட்டு, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் ரோட்டில் சுற்றிப்போய் அடுத்த முனையில் காத்திருப்பேன். வந்ததும் ஏற்றிக்கொண்டு வீடு. தினமும் இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை காலையும் மாலையும். ஒன்பதாம் நாள் நொண்டிக்கொண்டு வந்தாள்.

"வலிக்குதும்மா."

"எத்தன நாளா?"

"நாலு நாளா."

"ஏன்டி சொல்லல?"

"நீதான் மொகத்த அப்படி வச்சுக்கிட்டு நிக்கிறியே."

எண்ணெயைத் தேய்க்கும்போதுதான் உறைத்தது. இதே மணல், இதே கால், இதே தப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் நான் செய்தது.

அந்த வருஷம் நோன்பு மாதமும் ஓட்டப் பயிற்சியும் ஒன்றாக வந்தன. நாங்களெல்லாம் கொதிக்கிற மணலில் விழுந்து விழுந்து ஓட, நீ சாயங்காலம் நோன்பு திறப்பதற்கு முன்னால் கரையோரம் கொஞ்சம் நடப்பாய், கொஞ்சம் மெல்ல ஓடுவாய். அவ்வளவுதான். பெருநாள் முடிந்து மைதானத்துக்கு வந்து எங்கள் அத்தனை பேரையும் பின்னால் தள்ளிவிட்டாய். திருட்டுத்தனமாக வேறெங்கோ போய்ப் பழகியிருக்கிறாய் என்று உன்னோடு இரண்டு நாள் நான் பேசவில்லை.

"ஏ புள்ள, நான் ஒண்ணுமே செய்யல. மெதுவா ஓடுனேன், நல்லாத் தூங்குனேன். அல்லா மேல ஆணையா அம்புட்டுத்தான்" என்றாய். நான் நம்பவில்லை. என் கால் வீங்கிய பிறகு நம்பினேன்.

நீதான் என்னை அலை நனைத்து இறுகிய ஓரத்துக்கு இழுத்துப்போனாய். கரை கடல் பக்கம் சாய்ந்திருப்பதைக் கையால் காட்டினாய். "போறப்ப எடது காலு பள்ளத்துல, வாரப்ப வலது காலு பள்ளத்துல. ரெண்டும் பங்கு போட்டுக்கிடட்டும். ஒரே பக்கமா ஓடிட்டு ஒரு காலு மட்டும் வலிக்குதுன்னு அழுதா எப்படி?" ஓடும்போது உன் வாய் ஓயாது. கணக்கு டீச்சரின் கொண்டை, துபாயிலிருந்து உன் அத்தா அனுப்பும் சோப்பை ஒளித்துவைக்கும் உன் அம்மா, எல்லாம் வரும். நான் பதில் சொல்லியாக வேண்டும். "ம்முன்னா செல்லாது. முழுசாச் சொல்லு. சொல்ல முடியலேன்னா அது ஓட்டமில்ல, நாய் தொரத்துறது" என்பாய். மூன்று நாளுக்கு ஒருமுறை காலுக்கு லீவு. அன்றைக்குச் சும்மா உட்கார்ந்து நெல்லிக்காய் தின்போம்.

இத்தனையும் தெரிந்தவள்தான் நான். பெற்ற பிள்ளை என்றதும் எல்லாம் மறந்துபோயிற்று.

ராமநாதபுரத்து டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "எலும்புல ஒண்ணுமில்ல. பத்து நாள் ஓட வேணாம். அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா ஆரம்பிக்கலாம்" என்றார். 'ஓட வேணாம்' என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும், பெயரை எடுத்துவிடச் சொல்லி ஆசிரியைக்கு போன் செய்யப் போனேன். கயல் அழவில்லை. ஷூவைத் துடைத்து அது வந்த அட்டைப்பெட்டியிலேயே வைத்தாள்.

"அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்டா."

"அடுத்த வருசமும் நீ பயப்படுவல்ல?"

கோபமாகக் கேட்டிருந்தால் திட்டியிருப்பேன். நாளைக்கு என்ன கிழமை என்று கேட்பதுபோலக் கேட்டாள். போனைக் கீழே வைத்தேன். ஒருமுறை நீ எரிச்சலில் சொன்னாயே, "ஒனக்கு ரெண்டே வேகந்தான்டி. பறக்குறது, இல்லேன்னா படுத்துக்கிடுறது" என்று. ஒன்பது நாள் அவளைப் பறக்கவிட்டேன். பத்தாம் நாள் படுக்கவைக்கப் பார்த்தேன். இரண்டுமே என் பயம்தான். பிள்ளையின் கால் அதில் எங்குமே இல்லை.

அந்தப் பத்து நாளும் அவள் ஓடவில்லை. வலி விட்டபிறகு பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நின்றாள். ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினாள். பிறகு ஸ்கூட்டியைத் தோப்பு நிழலிலேயே நிறுத்திவிட்டு நானும் அவளோடு ஈரமணலில் இறங்கினேன். இருபது வருஷத்துக்குப் பிறகு, சுடிதாரில். இரண்டு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை. போன வழியே திரும்பி வருவோம். பேசிக்கொண்டேதான்.

முதல் இரண்டு நாள் நான் மட்டும் மூச்சிரைக்கப் பேசினேன். மூன்றாம் நாள் அவள் ஆரம்பித்தாள். "அம்மா, நீ குடுத்துவிடுற அவிச்ச முட்டைய நான் திங்கிறதே இல்ல. பிரியாதான் திம்பா." ஒரு மாதமாகப் பிரியாவுக்கா முட்டை அவித்துக்கொண்டிருந்தேன்! நின்று சிரித்துவிட்டேன். இன்னொரு நாள், ஓடுவது ஏன் பிடிக்கும் என்று கேட்டதற்கு, "ஓடுறப்பதான் நீ எதுவும் கேக்க மாட்ட. இப்ப அதுவும் போச்சு" என்றாள். நீ இருந்திருந்தால் அந்த இடத்திலேயே மணலில் விழுந்து புரண்டிருப்பாய். லீவு நாளில் அவளுக்கும் நெல்லிக்காய் வாங்கிக் கொடுத்தேன். புளிக்கிறது என்று துப்பிவிட்டாள்.

பெற்றோர் சம்மதச் சீட்டைக் கையெழுத்துப் போடாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். ஆனாலும் போட்டேன்.

நேற்றுத்தான் ஆள் எடுத்தார்கள். தொடர் ஓட்டத்துக்கு நான்கு பேர். கயல் ஐந்தாவதாக வந்தாள். ஆசிரியை அவளை மாற்று ஆளாகப் பட்டியலில் எழுதிக்கொண்டு, "மூச்சு நல்லா நிக்கிது. அறுநூறு மீட்டருக்குப் பழக்கலாம், திங்கக்கிழமையிலருந்து அனுப்புங்க" என்றார். மெதுவாகத்தானே ஆரம்பிப்பீர்கள் என்று இரண்டு தடவை கேட்டேன். "மெதுவாத்தாம்மா" என்று அவரும் இரண்டு தடவை சொன்னார்.

பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். காய்ச்சல் காலம் வரும். நெற்றியைத் தொட்டுத்தான் பார்ப்பேன். ஆனால் பறப்பதற்கும் படுப்பதற்கும் நடுவே ஒரு வேகம் இருக்கிறதென்று இப்போது என் காலுக்கும் தெரியும். அது நீ கொடுத்தது. நான் ஓடும்வரை அது என்னிடம் இருக்கும்.

ஓட்டம் முடிந்த அந்த நிமிஷத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். தடத்தின் முனையில் முகமெல்லாம் செம்மண் புழுதியோடு கயல் நின்றுகொண்டிருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன்.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

"எது?" என்றாள்.