நான் காரம் போடவில்லை

என் அன்புக்கும், அதைவிட ஒரு பிடி கூடுதலான கோபத்துக்கும் உரிய, நம் செல்வத்தின் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்க வழியில்லை. நீங்கள் போன இடத்தில் வயிறு என்ற ஒன்று கிடையாது என்றால் நலமாகத்தான் இருப்பீர்கள். இங்கே இருந்தவரை மிராசுதார் உங்களுக்கு இரண்டாவது எதிரிதான். முதல் எதிரியைச் சட்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தீர்கள்.

நம் பையன் தமிழ்ச்செல்வன், நாம் செல்வம் என்று கூப்பிடுகிறவன், தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறுப்பு ரத்தமாக வாந்தி எடுத்தான். உங்களுக்கு வந்த அதே நிறம். பதற வேண்டாம், உயிர் இருக்கிறது. எவ்வளவு காலத்துக்கு என்று டாக்டர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

பக்கத்தில் அவன் மனைவி வளர்மதி உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் அவளைப் பார்த்ததில்லை. பேராவூரணிக்குக் கிழக்கே கடலோரத்துப் பெண். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா கூடையில் மீன் விற்கிறவள். நல்ல காரமாகச் சாப்பிட்டு வளர்ந்த பெண். நம் வீட்டுக்கு வந்து நாக்கு செத்துப் போனவள்.

நான் மாற்றுத் துணி எடுக்கவும் கஞ்சி வைக்கவும் பஸ் ஏறி வீட்டுக்கு வந்திருக்கிறேன். கிளம்பும்போது அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டாள். "அத்தை, மாமாவுக்கு நீங்க எப்படிப் பத்தியம் சமைச்சுப் போட்டீங்கன்னு சொல்லிக் குடுங்க. நான் அப்படியே செஞ்சு போட்டு இவரக் காப்பாத்திடுறேன்." பஸ் வந்துவிடும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவளுக்கு என்ன சொல்வது? அடுப்பில் கஞ்சி கொதிக்கிற நேரத்தில் அதை உங்களிடம்தான் கேட்கிறேன். நீங்கள்தானே அந்தப் பத்தியத்தைச் சாப்பிட்டவர்!

உங்கள் வயிற்றைப் பற்றி ஊருக்கே தெரியும். கத்தரிக்காய் தின்றால் உப்பிக்கொள்ளும். பலாச்சுளை ஒன்று போதும், இரண்டு நாள் வாய்க்கால் கரையிலேயே குடியிருப்பீர்கள். கல்யாண வீட்டில் எல்லோரும் இரண்டாம் முறை பாயசம் கேட்கும்போது நீங்கள் ரசம் சோற்றோடு எழுந்து வருவீர்கள். அதைப் பார்த்து என் தம்பிகள் சிரிப்பார்கள். பெண் பார்க்க வந்த அன்றே பஜ்ஜியைத் தொடாமல் எழுந்தீர்கள். மாப்பிள்ளைக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று எங்கள் வீடே ஒரு வாரம் சோகமாக இருந்தது.

வந்த மாதத்திலேயே உங்கள் அம்மா மிளகாய்ச் சட்டியை என்னிடமிருந்து வாங்கிப் பரணில் வைத்துவிட்டார். அதன் பிறகு நம் வீட்டில் புளி இல்லை, காரம் இல்லை, கத்தரிக்காய் இல்லை. மணத்தக்காளிக் கீரை, பாசிப்பருப்பு, வெந்தயம் ஊறிய மோர், குழைந்த சோறு. இரண்டு உலை வைக்க விறகு ஏது? உங்களுக்கு ஆனதுதான் எனக்கும். நாற்று நடப் போகிற இடத்தில் மற்றப் பெண்கள் பழைய சோற்றுக்குக் கொண்டுவரும் பச்சை மிளகாயில் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கடித்துக்கொள்வேன். கண்ணில் தண்ணீர் வரும். அது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்குச் சொன்னதே இல்லை.

இவ்வளவும் செய்த வீட்டில் நீங்கள் குடித்தீர்கள்.

ஏன் குடித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இன்றுவரை உங்களை முழுசாகத் திட்ட முடியவில்லை. உங்களுக்கு வாய் இருந்தது. கட்சிக் கூட்டம் எங்கே போட்டாலும் நடந்தே போய்க் கேட்டு, அந்த மேடைத் தமிழை அப்படியே கொண்டுவந்து எருமையிடம்கூடப் பேசுவீர்கள். அறுப்புக்கு முன்னால் மிராசு வீட்டுக் களத்தில் நடக்கும் கூலிப் பேச்சில் நம் தெருவுக்காகப் பேச உங்களை விட்டால் ஆள் இல்லை. ஆளுக்கு எவ்வளவு நெல் என்று பேசி முடித்ததும் இரண்டு பக்கத்தாரும் ஒன்றாக உட்கார்ந்து சாராயம் குடிக்க வேண்டும். குடித்தால்தான் பேச்சு முடிந்ததாகக் கணக்கு.

முதல் வருஷம் நீங்கள் குடிக்கவில்லை. "எனக்கு ஒத்துக்காதுங்க. நான் மோர் குடிக்கிறேன், நீங்க சாப்பிடுங்க" என்றீர்களாம். மிராசின் காரியஸ்தர் சிரித்தாராம். "மோரு குடிச்சுட்டு எந்திரிக்கிறவன் வார்த்தைய எப்படிய்யா நம்புறது? நாளைக்கே மாத்திப் பேசுவான்." நம் ஆட்களும் சேர்ந்து சிரித்தார்கள் என்று வந்து சொன்னீர்கள். மறுநாள் விடியும்போது லாரியில் வெளியூர் ஆட்கள் அறுக்க வந்து இறங்கினார்கள். வரப்பிலேயே அடிதடி. உங்கள் பெரியப்பா மகன் முருகையனுக்கு மண்டை உடைந்தது. போலீஸ் வந்தது, அறுப்பு நின்றது, மழையும் வந்து கதிர் வயலிலேயே முளைத்தது. பட்டினி கிடந்த தெரு முழுக்க ஒரே பேச்சுதான்: "இவன் ஒரு டம்ளர் குடிச்சிருந்தா இவ்வளவும் வந்திருக்குமா?"

அடுத்த வருஷம் குடித்தீர்கள். அதற்கடுத்த வருஷமும். பிறகு கூலிப் பேச்சுக்கு மட்டும் என்று இல்லை. தண்ணீர் விடும் பேச்சு, வரப்புத் தகராறு, ஸ்டேஷனிலிருந்து ஆளை மீட்டு வந்தது, எல்லாவற்றுக்கும் உங்கள் டம்ளர் முதலில் நிறைந்தது. சர்க்கார் சாராயக் கடையைத் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. திறந்திருந்தபோது கடையில் குடித்தீர்கள், மூடியிருந்தபோது தோப்புக்குள் குடித்தீர்கள். எந்த உத்தரவும் உங்கள் வயிற்றுக்குள் அமலுக்கு வரவில்லை.

உங்கள் அம்மாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள், வயிறு நிறைய நெய்ச் சோறு இருந்தால் சாராயம் குடலைக் கடிக்காது என்று. பேச்சு இருக்கிற அன்று மத்தியானமே குழைந்த சோற்றில் நெய்யை ஊற்றிப் பிசைந்து உங்களுக்கு வைப்போம். நமக்கு ஏது நெய்! இருந்த ஒரே மாட்டின் பாலை விற்காமல் சேர்த்து உருக்கிய நெய். பிள்ளைக்குக்கூட வைக்கவில்லை. பரீட்சைக்குப் பையனை அனுப்புகிற மாதிரி உங்களை அனுப்பிவிட்டு வாசலில் நிற்பேன். திரும்பி வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பீர்கள். உங்கள் அம்மா அடுக்களைக்கு வந்து சட்டியைத் திறந்து மோந்து பார்ப்பார். "இதுல மிளகு போட்டியா?" என்பார்.

ரசத்தில் மிளகையும் நிறுத்தினேன்.

கடைசி வருஷம் உங்களை வண்டியில் போட்டுக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோமே, அது உங்களுக்கு நினைவிருக்குமா? வேட்டியெல்லாம் கறுப்பாக வாந்தி. டாக்டர் கேட்டார், "என்ன சாப்பிட்டாரு?" நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அம்மா சொன்னார்: "வீட்டுல இவ கொஞ்சம் காரமா வச்சுட்டா சாமி." அன்றைக்கு நான் வைத்தது நெய்ச் சோறும் மோரும். உப்புகூட அரைதான்.

நான் உங்களைப் பார்த்தேன். உங்களுக்கு நினைவு இருந்தது, கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்தீர்கள். களத்தில் ஊருக்காக அவ்வளவு பேசின வாய். "அவ காரம் போடல" என்று மூன்று வார்த்தை. ஏன் சொல்லவில்லை? அம்மாவை எதிர்த்துப் பேசக்கூடாது என்றா? குடித்தேன் என்று டாக்டரிடம் சொல்ல வெட்கமா? அல்லது, காரமாகத்தான் இருந்திருக்கும் என்று நீங்களே நம்பிவிட்டீர்களா? மறுநாள் மத்தியானம் நீங்கள் போய்விட்டீர்கள். பதினாறாம் நாள் வரைக்கும் துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் காரத்தைத்தான் சொன்னார்கள். சாராயத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, அது ஊருக்காகக் குடித்தது அல்லவா.

எந்த ஊருக்காக? இப்போது அறுப்புக்கு மெஷின் வருகிறது. காலையில் இறங்கினால் மத்தியானத்துக்குள் ஒரு வயல் முடிந்துவிடுகிறது. அதனோடு யாரும் கூலி பேச வேண்டியதில்லை. மிராசு வீட்டுப் பிள்ளைகள் பாதி நிலத்தை விற்றுவிட்டு மெட்ராஸ் பக்கம் போய்விட்டார்கள். நீங்கள் குடித்த களத்தில் கருவேல முள் மண்டிக் கிடக்கிறது. வாங்கிக் கொடுத்த கூலியும் இல்லை, அதைக் கொடுத்தவர்களும் இல்லை. உங்கள் குடல் போனதற்கு இன்று காட்ட ஒரு பிடி மண்கூட நம்மிடம் இல்லை. இதைச் சொல்ல எனக்கு மனமில்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

உங்களுக்காவது காரணம் ஒன்று இருந்தது. நம் பையனுக்கு அதுவும் தேவைப்படவில்லை. பட்டுக்கோட்டையில் தேங்காய் லாரிக்கு லோடு ஏற்றுகிறான். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் கூட்டாளிகளோடு சர்க்கார் கடைக்கு. வயிறு மட்டும் அப்படியே உங்களுடையது. கத்தரிக்காய் ஆகாது, பலாப்பழம் ஆகாது. சோடா கலந்தால் எரியாது என்பான், தண்ணீர் கலந்தால் எரியாது என்பான், பீர் குளிர்ச்சி என்பான், பிராந்தி மருந்து என்பான். மாற்றாதது குடிப்பது ஒன்றைத்தான். நெய்ச் சோற்றையும் விடவில்லை. "எங்கம்மா எங்கப்பாவுக்கு இப்படித்தான் போடும்" என்று சொல்லி அந்தப் பெண்ணிடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவான். அதைச் சாப்பிட்ட அப்பா என்ன ஆனார் என்பது மட்டும் அவனுக்கு மறந்துவிட்டது.

போன வாரம் வளர்மதியின் அம்மா கருவாடு கொடுத்தனுப்பியிருந்தாள். பாவம், சனிக்கிழமையன்று, எத்தனையோ மாதம் கழித்து ஆசையாக, தனக்கு மட்டும் ஒரு சின்னச் சட்டியில் குழம்பு வைத்தாள். இவன் வாசனைக்கே மூக்கைப் பொத்திக்கொண்டு, நெய்ச் சோற்றைத் தின்றுவிட்டுக் கடைக்குப் போனான். விடிந்ததும் வாந்தி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சின்னப் பெண். அதே கேள்வியைக் கேட்டாள், "என்ன சாப்பிட்டாரு?" செல்வம் கண்ணைத் திறந்து சொன்னான்:

"வீட்டுல கருவாட்டுக் குழம்பு டாக்டர். எனக்கு ஒத்துக்காதுன்னு தெரிஞ்சும் வச்சா."

வளர்மதி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தத் தலையை எனக்குத் தெரியும், அது என் தலைதான்.

"இல்லம்மா," என்றேன். "கருவாட்ட அவன் வாயிலயே வைக்கல. பிராந்தி. ராத்திரி பூரா பிராந்தி. இவங்கப்பாவும் இப்படித்தான் செத்தாரு. அவருக்கும் நான் காரம் போடல."

கடைசி வாக்கியம் டாக்டருக்குப் புரிந்திருக்காது. பரவாயில்லை, அது அவளுக்குச் சொன்னது இல்லை.

டாக்டர் என் பையனைப் பார்த்துச் சொன்னாள்: "காரம், கருவாடு எல்லாம் அப்புறங்க. உங்க வயித்துக்கு ஒரு சொட்டு சரக்கு கூடாது. இன்னொரு தடவை இப்படி வந்தா எங்களால ஒண்ணும் செய்ய முடியாம போகலாம்." அவன் "சரிங்க டாக்டர்" என்றான். அந்த "சரிங்க" உங்கள் குரலிலேயே இருந்தது. அதைக் கேட்டதும் எனக்கு மிச்சமிருந்த நம்பிக்கையும் விட்டுப் போனது. டாக்டர் போனதும் என்னிடம் சீறினான்.

"ஏம்மா, எல்லார் எதிர்லயும் என் மானத்த வாங்குற?"

"உன் பொண்டாட்டி மானம் போனா பரவாயில்லையா?" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் என்னிடம் பத்தியம் கேட்டாள். அவளுக்காக நான் அவ்வளவு பேசியும், தன் கையில்தான் ஏதோ குறை என்று நினைக்கிறாள். இன்னும் நெய் வேண்டுமோ, இன்னும் உப்பைக் குறைக்க வேண்டுமோ என்று. முப்பது வயதுகூட ஆகவில்லை அவளுக்கு.

கஞ்சி வெந்துவிட்டது. அதைத் தூக்குவாளியில் ஊற்றிவிட்டேன், அவனுக்குக் கொண்டுபோவேன். பெற்றவள், வேறென்ன செய்ய? அவன் எழுந்து வருவான். சனிக்கிழமையும் வரும். பிறகு ஒரு நாள் அவன் வராமல் போவான். எனக்கு வேறு மாதிரி ஆகும் என்று தோன்றவில்லை. உங்களை நிறுத்த முடியாத கை அவனையும் நிறுத்தாது.

ஆனால் இன்னொரு அடுப்பையும் மூட்டியிருக்கிறேன். மிச்சக் கருவாடு பானையில் இருந்தது. பரணில் ஏறி, உங்கள் அம்மா வைத்த அந்த மிளகாய்ச் சட்டியை இறக்கிக் கழுவினேன். கை நிறைய மிளகாய், கெட்டியாகப் புளி. வீடு முழுக்க நெடி, எழுதும்போதே இருமுகிறேன். இது அவளுக்கு. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடப் போகிறோம். அதுதான் அவள் கேள்விக்குப் பதில்.

உங்களுக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். அந்தப் பத்தியத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க மாட்டேன். நாளைக்கு அவன் போய், துக்கம் கேட்க வருகிறவர்கள் அவள் குழம்பைப் பற்றிப் பேச வாயெடுத்தால், நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். உங்களுக்கு வராத அந்த மூன்று வார்த்தையை நான் சொல்வேன்.

இப்படிக்கு,
இத்தனை காலமும் செல்வத்தின் அம்மாவாக இருந்த,
இனி வளர்மதியின் அத்தை.