தலை எண்ணிப் பெய்யாத மழை

இன்று சாயங்காலம் ஊட்டியிலிருந்து குன்னூர் வரும் பஸ்ஸில் ஈர ஸ்வெட்டர் வாடை. ஐப்பசி மழையில் நனைந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர் ஏறி, ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். நனைந்த கம்பளியும் டிபன் பாக்ஸ் சாம்பாரும் கலந்த வாடை. உன் பள்ளிக்கூடத்து வாடை. மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் நன்றாக மூச்சை இழுத்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நீ இல்லை என்பது தெரிந்துதான் எழுதுகிறேன். இன்று நடந்ததை வேறு யாரிடம் சொன்னாலும் "சரி விடுங்க டீச்சர்" என்பார்கள். நீ ஒருத்திதான் விடமாட்டாய்.

ஆசிரியர் பயிற்சியை ஒன்றாகத்தான் முடித்தோம். எனக்குக் குன்னூரில் பெரிய பள்ளி வாய்த்தது. உனக்குத் தேவாலாவுக்கு அப்பால், எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளி. இரண்டு பேரும் தலைமையாசிரியை ஆனோம் என்பது பெயருக்குத்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். நீ பாடம் நடத்தினாய், ஓடு மாற்ற ஆள் தேடினாய், மழைக்காலத்தில் கக்கூஸுக்குப் போகும் வழியில் மண்ணும் வெட்டினாய். மாற்றல் கேள் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "நான் வந்துட்டா அங்க யாரு புள்ள போவாங்க?" என்று கேட்டு என் வாயை அடைத்துவிடுவாய்.

ஜூலை மாதத்தில் உன் பள்ளியில் முதல் பாடவேளை கிடையாது. அது காயப்போடும் வேளை. ஓடையைத் தாண்டி, தேயிலைக்குள் நடந்து, யானை நின்றால் அது போகும்வரை காத்திருந்து வரும் பிள்ளைகள் தொப்பலாக வந்து சேர்வார்கள். சத்துணவு அடுப்பைச் சுற்றி ஸ்வெட்டர்கள் தொங்கும், பிள்ளைகள் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "நடுங்கற புள்ளைக்கு வாய்ப்பாடு ஏறுமா?" என்பாய். அதற்காகும் விறகுக்கு எந்த மானியத்திலும் இடமில்லை. கேட்டு எழுதினால் அப்படி ஒரு செலவே கிடையாது என்று பதில் வந்ததாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய்.

மின்விசிறி வந்த கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. எல்லாப் பள்ளிக்கும் சமமாக, வகுப்புக்கு ஒன்று. சமவெளியில் யாரோ வியர்த்துக்கொண்டு போட்ட உத்தரவு. குன்னூர்க் குளிரில் நான் அதைப் போடவே இல்லை, ஒட்டடைதான் படிந்தது. மழையில் உன் பள்ளிக்கு வந்தபோது பார்த்தால், எல்லா விசிறியும் முழு வேகத்தில் சுற்றுகிறது, கீழே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு, கயிறு முழுக்க ஸ்வெட்டர். பிள்ளைகள் குனிந்து குனிந்து நடக்கிறார்கள். "கவர்மெண்டு குடுத்ததை வீணாக்கக் கூடாதுல்ல?" என்றாய். அந்த மழையிலும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரித்து முடித்தால் சண்டை. அது நமக்கு வழக்கம். பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து வருகிறது, அதில் என்ன தப்பு என்பது என் கட்சி. எந்தப் பிள்ளையும் உசத்தி இல்லை, தாழ்த்தி இல்லை, தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் யாரும் குறை சொல்ல முடியாது. நீ டம்ளரை ணங்கென்று வைப்பாய். "தலைய எண்ணி நோட்டுப் புஸ்தகம் குடு, வேண்டாங்கல. தலைய எண்ணிக் கூரை போட முடியுமா? மழை என்ன தலைய எண்ணியா பெய்யுது? ஒரு வகுப்புல அஞ்சு புள்ளைங்க இருந்தாலும் அம்பது இருந்தாலும் ஒழுகற ஓட்டை ஒண்ணுதான்."

நானும் விடமாட்டேன். "அப்போ எங்க புள்ளைங்க நெருக்கியடிச்சு உக்காந்திருக்குங்களே, அதுக்கு?" என்பேன். உடனே நீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விடுவாய். ஒருமுறை லவ்டேல் பக்கம் நடந்தபோது, அங்கிருக்கும் பழைய போர்டிங் பள்ளியின் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாய். பொறாமையில்லை உன் முகத்தில், கணக்குப் புரியாத பிள்ளையின் முகம்தான் இருந்தது. "இங்க என்ன வேணும்னு பார்த்துட்டுச் செலவு பண்றாங்க புள்ள. நம்மகிட்ட, பணம் இவ்வளவுதான் இருக்குன்னு மட்டும்தான் சொல்றாங்க" என்றாய்.

பிறகு லயங்கள் காலியாகத் தொடங்கின. குடும்பம் குடும்பமாகத் திருப்பூருக்குப் போனார்கள். பிள்ளை குறைந்தால் பணம் குறையும், பணம் குறைந்தால் பள்ளி இன்னும் மோசமாகும், மோசமான பள்ளியிலிருந்து இருக்கிற பிள்ளையும் போகும். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது, மூக்கில் குழாயோடு நீ கேட்டது உன் உடம்பைப் பற்றியல்ல. "மேக்கால இருக்கற கிளாஸ் கூரைய மாத்தினாங்களா?" மாற்றவில்லை. எழுந்துபோய் வராந்தாவில் நின்று அழுதேன்.

இன்று ஊட்டியில் கூட்டம். பழுதுபார்க்கும் பணத்தைப் பள்ளிகளுக்கு எப்படிப் பிரிப்பது என்று தலைமையாசிரியர்களைக் கேட்டார்கள். உன் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை, உன் பள்ளிக்காகப் பேச அங்கே ஒருவரும் இல்லை. அடுத்த மழைக்குள் அந்தக் கூரை மாறாவிட்டால் கட்டடம் ஆபத்து என்று பள்ளியை மூடி, பிள்ளைகளைத் தேவாலாவில் சேர்த்துவிடுவார்கள். யானை வழியில் அவ்வளவு தூரம் எந்தச் சின்னப் பிள்ளை நடக்கும்? படிப்பு நின்றுபோகும், அவ்வளவுதான்.

அதிகாரி சின்ன வயதுக்காரர், நல்ல மாதிரி. "எல்லாக் குழந்தைக்கும் ஒரே தொகை. இதைவிட நியாயம் என்ன இருக்கு?" என்றார். என் கட்சி. இத்தனை வருஷம் நான் பேசிய பேச்சு. ஆனால் எழுந்து நின்றதும் என் வாயில் வந்தது உன் பேச்சு. "மழை தலைய எண்ணிப் பெய்யறதில்லீங்க சார்." கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. உன் பள்ளிக் கூரையைப் பற்றிச் சொன்னேன்.

"சரி மேடம். மொத்தப் பணம் கூடப் போறதில்ல. சின்ன ஸ்கூலுக்கு அதிகம் குடுத்தா பெரிய ஸ்கூல்ல குறைக்கணும். உங்க ஸ்கூல்ல குறைச்சுக்கலாமா?"

என் பள்ளியில் பெரிய பெண்பிள்ளைகள் பகலெல்லாம் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் போக வேண்டுமே, போக உருப்படியான கழிப்பறை இல்லையே. இந்த வருஷம் கட்டிவிடலாம் என்று அவர்களிடம் சொல்லியிருந்தேன். அந்த முகங்கள் எல்லாம் கண்முன் வந்தன. இருந்தும் "குறைச்சுக்கங்க" என்றுதான் சொன்னேன். சொன்னவுடன் கோபம் வந்தது. "ஆனா ரெண்டு ஸ்கூல்ல ஒண்ணைத் தேர்ந்தெடுன்னு என்னைக் கேக்கறீங்களே, ரெண்டுக்கும் என்ன வேணும்னு யாராவது பாத்தீங்களா? ஒரு தடவை வந்து பாருங்க சார்."

"ஏப்ரல்ல வரேன் மேடம். ரோடும் நல்லா இருக்கும்."

"ஏப்ரல்ல வேண்டாங்க சார். கூரையை ஏப்ரல்லயே மாத்திடுங்க. நீங்க ஜூலையில வாங்க. குடையில்லாம வாங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி உன் பள்ளியின் பெயரைக் குறித்துக்கொண்டு, பார்க்கலாம் என்றார். கூரைக்குப் பணம் வரும் போலத்தான் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை முழுசாக அனுபவிக்கவும் முடியவில்லை. நாளைக் காலை என் பெண்பிள்ளைகள் முன்னால் நிற்க வேண்டும். "எங்களுக்கு எப்போங்க டீச்சர்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நான் என் பழைய கட்சிக்கே திரும்பிப் போவேன், உடனே நீ டம்ளரை ணங்கென்று வைப்பாய். நீ இருந்தபோது பாதிச் சண்டையைத்தான் நான் போட்டேன், மீதியை உன்னிடம் விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். இப்போது இரண்டு பக்கமும் நானே பேச வேண்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் நியாயமாகவே இருக்கிறதடி.