பனிச்சங்கேணிச் சரிவில் சறுக்கிய கார்

786
ஓட்டமாவடி
18.03.1940

புதுக்கடைத் துரையாகிய என் மச்சான் சாலிஹுக்கு ஸலாம்.

இதனால் சகலருக்கும் அறியத் தருவது யாதெனில்: என் இடது கால் பெருவிரல் நகம், வயது பதினாறு, சில நாளாகக் கறுத்திருந்து, சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் எவருக்கும் தொல்லை கொடுக்காமல் காலமாயிற்று. நல்லடக்கம் எங்கள் வளவு முருங்கை மரத்தடியில் நடந்தது. பூனை மட்டும் கலந்துகொண்டது. மீதி நாலு நகங்களும் ஆழ்ந்த துயரத்தில் இருக்கின்றன.

நகம் மட்டும் போயிருந்தால் உனக்காக முத்திரை வாங்குவேனா? அதே காலில் கணுக்காலுக்கு மேல் எலும்பும் முறிந்துவிட்டது. மாக்கட்டுப் போட்டுக் கிடக்கிறேன். நடந்ததைக் கேள்.

இந்த மாதம் நாலாம் தேதி, வாப்பா விற்கும் சாரன் துணிப் பொதியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கதிரவெளிக்குப் போனேன். பனிச்சங்கேணித் துறையில் ஆற்றைக் கடக்கும் மிதவைப் பாதையால் இறங்கி, கரைச் சரிவில் ஒழுங்காக, இடப்பக்கமாக, மணியும் அடித்தபடி ஓடிக்கொண்டிருந்தேன். எனக்கு ஐந்து முழம் முன்னால் ஒரு கார், எக்ஸ் 3417. சரிவின் நடுவில் அது யானை பின்வாங்குவது போலப் பின்னால் பாய்ந்து வந்தது. நான் விலகியிருப்பேன், பொதி ஆற்றில் விழுந்துவிடுமே என்று நின்றேன். காலைக் கொடுத்துப் பொதியைக் காத்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டரே "இப்படி ஒரு பொடியனைக் கண்டதில்லை" என்றார்.

காரை ஓட்டியவர் கோணாமலை என்று செங்கலடி ஆள். அங்கே மரம் விற்கும் மரக்காலை வைத்திருக்கும் வினாயகமூர்த்தி முதலாளியின் ட்றைவர். அவர்தான் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். அதோடு விட்டாரா? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தயிர் முட்டியோடு வந்து நிற்கிறார். மச்சான், காலை முறித்தவன் தயிர் தருவதை நீ எங்கேயாவது கண்டாயா? முதல் முட்டியைப் பூனைக்குத்தான் வைத்தேன். பூனை சாகவில்லை, இன்னும் கேட்டது. அதன் பிறகுதான் நாங்கள் சாப்பிட்டோம்.

நீ வழக்குப் பேசும் புறொக்டரின் கந்தோரில் இருக்கிறாய். இந்தக் காலுக்குச் சட்டத்தில் என்ன விலை என்று கேட்டு எழுது.

இப்படிக்கு,
வீரன் உசனார்

—

புதுக்கடை, கொழும்பு
25.03.1940

அன்புள்ள உசனாருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நகத்துக்கு என் அனுதாபம். எலும்பைப் பற்றி எங்கள் புறொக்டர் ஐயாவிடம் பேசினேன். ஒரு வருஷமாக நான் இங்கே தட்டெழுதுவதெல்லாம் யாரோ ஆட்களின் வேலித் தகராறு. சொந்தக்காரன் கால் ஒன்று வந்திருக்கிறது, விடுவேனா? கோரிக்கைக் கடிதத்தை என்னையே எழுதிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

பொலிசில் முறைப்பாடு எழுதினார்கள்தானே, அதன் பிரதியை மாமாவைக் கொண்டு உடனே எடுப்பி. டொக்டரின் பத்திரமும் வேண்டும். சைக்கிளைத் திருத்தாதே. ஒரு கம்பியைக்கூட நிமிர்த்தாதே, வளைந்தது வளைந்தபடியே கிடக்கட்டும். வழக்கு வைக்க இரண்டு வருஷம் தவணை இருக்கிறது, ஆனால் சாட்சிகளின் ஞாபகத்துக்கு அவ்வளவு தவணை கிடையாது. அதனால் பார்த்தவர்களின் பெயரை இப்போதே எழுதி வை. நீ இருபத்தொரு வயதுக்குக் கீழே என்பதால் உன் பெயரில் நேரே வழக்கு வைக்க முடியாது. "அடுத்த நண்பர்" என்று பெரியவர் ஒருவர் உனக்காக நிற்க வேண்டும். மாமா நிற்கலாம். புதுச் சட்டப்படி கார்க்காரர் மூன்றாம் ஆளுக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் வைத்திருக்க வேண்டும். ஆகவே முதலாளி கை விரித்தாலும் பணம் வர வழி உண்டு. பொலிஸ் வழக்கில் ட்றைவர் குற்றவாளி என்று ஆனால் நம் பக்கம் இன்னும் பலம். அவருடைய லைசன் போகும், அது அவர் பாடு.

ஒன்றை மட்டும் மறக்காதே. பிழையில் உனக்கும் பங்கு இருந்தது என்று அவர்கள் காட்டிவிட்டால் ஒரு சதமும் கிடைக்காது.

அந்தத் தயிரை நான் நம்பவில்லை. இன்றைக்குத் தயிர் கொண்டு வருகிறவர் நாளைக்கு ஒரு கடதாசி கொண்டு வருவார். எதிலும் கையெழுத்துப் போடாதே. விரல் அடையாளமும் வைக்காதே. அவரோடு அதிகம் பேச்சும் வேண்டாம்.

உன்னிடமும் ஒரு கேள்வி. ஐந்து முழம் என்று எழுதியிருக்கிறாய். அளந்தாயா? அந்தச் சரிவில் எல்லாரும் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் ஏறுவார்கள். நீ எப்படி ஓடினாய்?

உன் மச்சான்,
மு. சாலிஹ்

—

786
ஓட்டமாவடி
03.04.1940

மச்சான்,

உன் கடிதத்தை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அடுத்த நண்பர் என்றதும் சிரித்தார். பதினாறு வருஷமாகப் பிரம்போடு திரிந்த மனிசன் சட்டம் வந்ததும் எனக்கு நண்பனாகிவிட்டார். உம்மா கேட்கிறா, அடுத்த நண்பர் வாப்பா என்றால் முதல் நண்பர் யார் என்று. பூனை என்றேன்.

பொலிஸ் பிரதி கிடைத்தது. அதில் என்னைத் "துவிச்சக்கர வண்டி ஓட்டி" என்று எழுதியிருக்கிறார்கள். முந்தின நாள்வரை வெறும் உசனார், இப்போது பட்டம் கிடைத்தவன். அதைக் கொண்டுவந்த சார்ஜன் சொன்னார், கோணாமலைக்குக் கட்டளை போயிருக்கிறதாம், மே ஆறாம் தேதி கோர்ட்டு.

ஓடினேனா உருட்டினேனா என்று கேட்டாய். உருட்டினேன். "ஓடினேன்" என்றது ஒரு வேகத்தில் வந்தது. தூரம் பத்து முழம் இருக்கும், பொலிசிலும் அப்படித்தான் சொன்னேன். சாட்சி? மிதவைப் பாதைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் பார்த்து நின்றார். காருக்குள் ட்றைவரைத் தவிர ஆள் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்னது சரி, அந்தாள் சும்மா வரவில்லை. போன ஞாயிறு என் பக்கத்தில் குந்திக்கொண்டு, தான் அன்றைக்கு ஹோர்ன் அடித்தாரா என்று என்னைக் கேட்கிறார். தான் அடித்த ஹோர்ன் தனக்குத் தெரியாதா? என் வாயைக் கிண்டுகிறார். ஞாபகமில்லை என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு சைக்கிளருகே போய்ப் பின் சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். சாட்சிப் பொருளில் கை வைக்கிறாரே என்று உம்மாவைக் கூப்பிட்டேன். அன்று பின்னேரமே சைக்கிளைக் கட்டில் காலோடு சங்கிலி போட்டுப் பூட்டினோம். எங்கள் இரண்டு பேருக்கும் இப்போது ஒரே கட்டில், ஒரே நோய்.

இன்னும் கேள். போகும்போது ஒரு கயிற்றை எடுத்து, என் கக்கத்திலிருந்து பாதம்வரை அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு போனார். கோர்ட்டில் கால் நீளத்தை வைத்து ஏதோ சூது செய்யப் போகிறார் என்று வாப்பாவும் நானும் இரண்டு நாள் யோசித்தோம். நேற்று ஆள் வந்தது, முதிரைக் கட்டையில் அவரே சீவிச் செய்த இரண்டு ஊன்றுகோலோடு. கக்கத்தில் இடிக்காமல் துணி சுற்றி, சரியான உயரம். நான் நடந்து பார்த்தேன். உம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தா.

ஊன்றுகோலை வாங்கியது பிழையா? திருப்பிக் கொடுத்தால் விழுந்துவிடுவேன்.

இப்படிக்கு,
துவிச்சக்கர வண்டி ஓட்டி உசனார்

—

புதுக்கடை
12.04.1940

அன்புள்ள உசனாருக்கு,

ஊன்றுகோலை வைத்துக்கொள். ஆனால் "எல்லாம் தீர்ந்தது" என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடாதே.

கோரிக்கைக் கடிதம் தயார். முந்நூறு ரூபாயும் சைக்கிளுக்குரிய பெறுமதியும் கேட்டிருக்கிறேன். புறொக்டர் ஐயா வாசித்துவிட்டு இரண்டு கமாவை மட்டும் மாற்றினார். இருபத்தாறாம் தேதி முதலாளிக்குத் தபாலில் போகும்.

கோபிக்காதே. முதற் கடிதத்தில் ஓடினாய், இரண்டாவதில் உருட்டினாய். முதலில் ஐந்து முழம், பிறகு பத்து. கார் பத்து முழம் தள்ளியிருந்து சறுக்கி வந்தால், உருட்டிக்கொண்டு வருகிறவனுக்கு விலக நேரம் தாராளமாக இருந்திருக்கும். முதலாளி பக்கத்து அட்வகாத்து உன்னைக் கூண்டில் ஏற்றி இதைத்தான் முதலில் கேட்பார். நான் இப்போதே கேட்கிறேன். முதலாளி தன் ட்றைவருக்கு ஒரு கதை சொல்லிக் கொடுத்திருப்பார், நிச்சயம். அந்தக் கதை எது என்று எனக்குத் தெரிய வேண்டும். அதைவிட முக்கியமாக, அது பொய்தானா என்றும் தெரிய வேண்டும்.

பதில் சுருக்கமாக, பகிடி இல்லாமல் எழுது.

சாலிஹ்

—

786
ஓட்டமாவடி
21.04.1940, ஞாயிறு

மச்சான் சாலிஹுக்கு,

நீ சொன்னபடியே கடதாசி வந்தது.

இன்று காலை பத்து மணி இருக்கும், கோணாமலை வந்தார். தயிர் இல்லை. காரும் இல்லை, பஸ்ஸில் வந்தாராம். மடியிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்தார். நான் பேனையைத் தலையணைக்குக் கீழே தள்ளிவிட்டு, கையெழுத்துப் போட மாட்டேன் என்று முதலே சொல்லிவிட்டேன். அவர் என்னை விளங்காமல் பார்த்தார்.

"கையெழுத்து நான் போட்டுட்டன் தம்பி. பிழை இருக்கா எண்டு ஒருக்காப் பாருங்க."

வாசித்தேன். அவர் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கொண்டு எழுதுவித்தது. மார்ச் நாலாம் தேதி பனிச்சங்கேணிச் சரிவில் தான் பின்னால் பார்க்காமல் காரைச் சறுக்க விட்டதாகவும், பத்து முழம் தள்ளி ஒழுங்காக வந்த பிள்ளையின் காலில் ஏற்றியதாகவும், பிழை முழுவதும் தன்னுடையது என்றும், லைசனை ஒப்படைக்கத் தயார் என்றும் இருந்தது. ஆறாம் தேதி கோர்ட்டில் கொடுக்கவாம். இப்படிக் கொடுத்தால் எனக்கு இன்சூரன்ஸ் காசு தடையில்லாமல் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

முதலாளி என்ன சொன்னார் என்று கேட்டேன். உனக்காகத்தான் கேட்டேன், சத்தியமாக.

"பொடியன் காரப் பிடிச்சுத் தொங்கிக்கு வந்தான் எண்டு சொல்லட்டாம். நான் அதப் பாக்கல்லயே தம்பி. பாக்காததக் கோட்டில நிண்டு எப்பிடிச் சொல்ற?"

மாட்டேன் என்று சொன்னதும் முதலாளி நேற்றே கார்ச் சாவியை வாங்கிவிட்டாராம். அதை அவர் மழை பெய்தது என்று சொல்வது போலத்தான் சொன்னார். பிறகு கடதாசியில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"எனக்கு ஒரு முழம் சறுக்கின மாதிரித்தான் தெரிஞ்ச. நீங்க பொலிசில பத்து எண்டு சொன்ன. பத்து எண்டே எழுதச் சொல்லிட்டன். பதட்டத்தில எனக்குத்தான் தெரியாமப் போயிருக்கும்."

மச்சான், எனக்குச் சிரிக்க வைக்கத் தெரியும், ஏமாற்றத் தெரியும், வாத்தியாரின் கதிரையில் பலாப்பால் பூசத் தெரியும். அந்த நேரம் ஒன்றும் தெரியவில்லை. "நான் தொங்கினதுதான் அண்ணன்" என்றேன்.

அவர் நம்பவில்லை. அதுதான் பெரிய கூத்து. ஒன்றரை மாதமாக நான் சொன்ன பொய்யெல்லாவற்றையும் நம்பிய மனிசன், மெய்யைச் சொன்னதும் தலையை ஆட்டுகிறார். சாவி போனதைக் கேட்டு நான் இரங்கிப் பேசுகிறேனாம். "எனக்காகப் பொய் சொல்லாதங்க தம்பி, பாவம்" என்றார். உம்மா வாசலில் நின்றபடி நெஞ்சில் கை வைத்தா. கடைசியில் என் இடக்கையை விரித்துக் காட்டினேன். காரின் பின்னால் மாட்டியிருந்த உபரிச் சக்கரத்தின் ஆணி கிழித்த தழும்பு உள்ளங்கையில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அதைக் கல்லில் விழுந்தது என்று சொல்லியிருந்தேன்.

அவர் அந்தக் கையைப் பிடித்துத் தழும்பைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். ஏசுவார் என்று பார்த்திருந்தேன். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"ஏழு கிழமையாக் காரை எடுக்கிற நேரமெல்லாம் பின்னால திரும்பித் திரும்பிப் பாத்த நான் தம்பி" என்றார். அவ்வளவுதான். உம்மா கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போய்விட்டார். கடதாசி பாயில் கிடக்கிறது.

ஆகவே சுருக்கமான பதில்: முதலாளியின் கதை பொய்யில்லை. அவர் பொய் என்று நினைத்துச் சொல்லிக் கொடுத்தது மெய்யாகிவிட்டது. அந்தத் துறையில் சரிவு ஏறும்போது சைக்கிள்காரன் எவனும் காரின் பின்னால் ஒரு கையால் பிடித்துக்கொள்வான், உனக்கும் தெரியும், நீயும் பிடித்தவன். கார் சறுக்கியது ஒரு முழம். அந்த ஒரு முழத்துக்குள்தான் என் கால் இருந்தது. நான் உருட்டவில்லை, ஓடவுமில்லை, இழுபட்டேன்.

வாப்பாவிடம் சொல்லிவிட்டேன். அடிக்கத்தான் வந்தார். காலைப் பார்த்தார், கையைப் பார்த்தார், அடிக்க நல்ல இடமாக ஒன்று தேடினார், கிடைக்கவில்லை. நாளைக்கு என்னை வண்டிலில் ஏற்றிப் பொலிசுக்குக் கொண்டு போகிறார், முறைப்பாட்டை மாற்றி எழுதுவிக்க. சார்ஜன் என்ன செய்வாரோ தெரியாது. அங்கிருந்து செங்கலடிக்கு. முதலாளியின் முகத்துக்கு நேரே நானே சொல்ல வேண்டும், சாவியைக் கோணாமலையிடம் கொடுக்கும்படி கேட்கவும் வேண்டும். கொடுப்பாரோ, நீ முதலே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாரோ, அதுவும் தெரியாது.

உன் கோரிக்கைக் கடிதத்தைத் தபாலில் போடாதே. நல்ல கடிதமாக இருந்திருக்கும். உன்னை உன் ஐயாவின் முன்னால் வெட்கப்பட வைத்ததற்கு மன்னித்துக்கொள். பொடியன் பொய் சொன்னான் என்று என் பெயரைப் போட்டே சொல், உன் பெயர் கெடக் கூடாது.

இன்னும் ஒன்று பாக்கி. இதை வாப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. தொங்கியதால் மட்டும் கால் போகவில்லை; எத்தனையோ தரம் தொங்கியிருக்கிறேன். அன்றைக்குக் கார் சரிவில் ஏறும்போது நான் இழுபட்டுப் போகிற அழகை எல்லாரும் பார்க்க வேண்டும் என்று, ஹேண்டிலில் இருந்த மற்றக் கையையும் எடுத்து, கவர்னர் துரை போல நெஞ்சை நிமிர்த்திப் பின்னால் திரும்பிச் சலாம் போட்டேன். அப்போதுதான் சைக்கிள் சரிந்தது, கார் சறுக்கியது.

எல்லாரும் என்று எழுதினேன். பின்னால் மிதவைப் பாதையில் நின்றது நாலு ஆடு மச்சான். அதில் மூன்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

இப்படிக்கு,
உசனார்