உமி மூட்டையில் மண்

மாசி 14, புதன்கிழமை

சென்னைக் கல்லூரியிலிருந்து வந்த பேராசிரியை அம்மா என் அரிசி மில் உமி ஐந்து மூட்டையையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டார். உமிச் சாம்பலிலிருந்து சிலிக்கான் எடுத்து, வெயிலில் கரண்டு தரும் தகடு செய்கிற ஆராய்ச்சியாம். அதற்கு ஒரு சிட்டிகை மண்கூட ஆகாதாம். அவர் கையை விட்டு அள்ளினால் பாதி செம்மண்.

மேஸ்திரி கன்னியப்பனைப் பிடித்துக் கத்தினேன். "எவன்டா மண்ணைப் போட்டது?"

"செங்கல் சூளைக்குப் போற மூட்டைல எடைக்கு மண்ணு போடச் சொன்னதே நீங்கதான மொதலாளி. இப்ப இன்னாத்துக்கு என்னாண்ட கத்துறீங்க?"

அந்த அம்மா எதிரிலேயே சொன்னான். அறையக் கை ஓங்கினேன். அறைய வேண்டிய கன்னம் என்னுடையது. அந்த ஆத்திரம்தான் இன்னும் அடங்கவில்லை.

கடைசியில் பேசி முடித்தது: சலித்த உமி ஐந்து மூட்டை, மூட்டை நாலு ரூபாய், வண்டிக்கூலி என் தலையில். மண் இருந்தால் பணம் கிடையாது.