முதுகுப்பக்க மடிப்பு

தம்பி,

காய்ச்சல் விட்டதா? அச்சகத்துக்குப் போகத் தொடங்கிவிட்டாயா?

நாளை காலை எங்கள் அருங்காட்சியகத்தில் அரச குடும்பத்துத் தபால்தலைகளை மக்கள் பார்வைக்குத் திறக்கிறோம். போன மாதம் உன்னை உட்காரவைத்துவிட்டுத் தேநீர் வாங்கப் போனேனே, அந்த அறையில்தான் அவற்றையெல்லாம் சட்டமிட்டோம்.

இன்று கடைசியாகச் சரிபார்த்தபோது நீல ராணித் தபால்தலையைச் சட்டத்திலிருந்து எடுத்துத் திருப்பினேன். முகம் அச்சு அசல். தாளில் பொருத்துவதற்காக முதுகில் மடித்து ஒட்டும் துண்டுத்தாள்தான் புதிது. எல்லோரும் அதை நேராக மடிப்பார்கள். சின்ன வயதில் நம் ஆல்பத்துக்காக நாம் இரண்டு பேரும் கண்டுபிடித்தோமே, கோணல் மடிப்பு, அது அங்கே இருந்தது.

அதிகாரி எட்டிப் பார்த்தார். “இப்படிக் கோணலா மடிக்கிறது நீங்க மட்டுந்தானேம்மா?” என்று சிரித்தார். “நாளைக்கு ஒம்பது மணிக்கு நிபுணர் வர்றார். ஒவ்வொண்ணா விளக்கு வெச்சுப் பாப்பாராம்.”

நானும் சிரித்துவைத்தேன்.

உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை. இதை மாமா கையில் கொடுத்தனுப்புகிறேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. காலை எட்டு மணிக்குப் பின்கதவைத் திறந்துவைத்திருப்பேன். வரும்போது ராணியையும் கூட்டி வா.

நீ வராவிட்டால், மடித்தது நான்தான் என்று சொல்லிவிடுவேன். நம்பாமலிருக்க அவர்களுக்குக் காரணமே இல்லை.

உன் அக்கா