குண்டாற்று மணலில் எடுத்த படம்

மதினி,

கேமரா உறையைத் திறந்ததும் தோல் வாசனையோடு உங்கள் பவுடர் வாசனையும் வந்தது. போர்வைக்குள் டார்ச்சைப் பொத்திப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். அடுத்த அறையில் அப்பா இருமினால் விளக்கை அணைத்துவிடுகிறேன்.

நாளைக் காலையில் கேமரா போகிறது. உங்கள் சேலைகள் போன மாதமே உங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டன. கேமராவை மட்டும் உங்கள் அப்பா வேண்டாம் என்றுவிட்டார். பார்த்தால் தாங்காதாம். அண்ணனுக்குச் சாத்தூரில் பெண் பேசிக்கொண்டிருக்கிறார்கள். "செத்தவ சாமான் ஒண்ணுகூட புதுசா வாரவ கண்ணுல படக்கூடாது" என்று அம்மா சொல்லிவிட்டாள். பஜார் ஸ்டூடியோக்காரர் அதை வாங்கிக்கொள்கிறாராம். வந்ததும் பின்மூடியைத் திறந்துதான் பார்ப்பார். உள்ளே ரீல் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் எல்லாம் போய்விடும். அந்த ரீலில்தான் நீங்கள் இருக்கிறீர்கள்.

மதுரையிலிருந்து நீங்கள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது எனக்கு எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவு. டிரங்குப் பெட்டியில் பட்டுச் சேலைகளுக்கு நடுவே இந்தக் கேமரா இருந்தது. மறுநாளே என்னை மொட்டை மாடிக்கு இழுத்துப்போய் ஊரைச் சுற்றிப் பார்த்தீர்கள்.

"ஏ பிள்ள, இங்க புடிக்கிறதுக்கு என்ன இருக்கு? ஒரு தெப்பக்குளமாச்சும் உண்டா?"

"இருக்கு மதினி. தண்ணிதான் இல்ல."

நீங்கள் சிரித்த சிரிப்பில் கீழேயிருந்து அம்மா, "என்னடி அங்க?" என்று கத்தினாள். நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு, "சரி, நீ எடத்தக் காட்டு, நான் புடிக்கிறேன்" என்றீர்கள். அன்று பேசிக்கொண்டதுதான் நம் ஒப்பந்தம்.

முதலில் உங்களைப் பாவு போடும் தெருவுக்குக் கூட்டிப்போனேன். விடிந்ததும் தெரு நீளத்துக்குச் சாயநூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி பூசுவார்கள். சிவப்பு, பச்சை, மாம்பழ மஞ்சள். அருப்புக்கோட்டையிலேயே அழகான இடம் அதுதான் என்று நினைத்திருந்தேன். படம் கழுவி வந்தபோது சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன. அண்ணன் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ரீலு பூரா கோணிச் சாக்கப் புடிச்சிட்டு வந்திருக்கீக" என்றார்.

"வத்தல் மண்டிக்காரக வீட்டுல வேற என்ன வெளங்கும்?" என்று நீங்கள் பட்டென்று சொன்னீர்கள். அண்ணன் அசடு வழியத் தலையைச் சொறிந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நாம் நிறத்தை விட்டுவிட்டு நிழலைத் தேடினோம். நம் ஊரில் அதற்குக் குறைவில்லை. பாளையம்பட்டிப் பக்கம் வற்றிய கண்மாய் உச்சி வெயிலில் வெறும் தரை. சாயங்காலம் வெயில் சாய்ந்தால் ஒவ்வொரு வெடிப்பிலும் நிழல் நிரம்பி, தரை முழுக்கக் கோலம் போட்ட மாதிரி ஆகிவிடும். பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் நான் அப்படியே பார்க்க ஆரம்பித்தேன்.

"மதினி, செக்குக்காரர் வீட்டுச் சுவத்துல வேப்பமர நிழலு அப்படியே பூப்பூவா விழுது."

"எப்ப விழுது?"

"பிரேயர் மணி அடிக்கிறப்ப."

"பிரேயர் மணி அடிக்கிறப்ப செக்குக்காரர் வீட்டுப் பக்கம் ஒனக்கு என்ன வேல?"

மாட்டிக்கொண்டேன். நீங்கள் அம்மாவிடம் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்துக்கு அந்தச் சுவர் முன்னால் இருவரும் நின்றோம்.

ஆவணியில் அண்ணன் மிளகாய் வத்தல் விலை பேசத் திருச்சுழிக்குப் போனபோது, கோயிலுக்கு என்று சொல்லி நாமும் பஸ்ஸில் ஏறிக்கொண்டோம். சாமி கும்பிட்டோம். கோபுரத்தை நீங்கள் எடுக்கவில்லை. "அது எங்கயும் போயிராது" என்று சொல்லிவிட்டுக் குண்டாற்றுக்கு நடந்தீர்கள். ஆற்றில் தண்ணீர் இல்லை. பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கேமராவைக் கண்டதும் குடங்களைத் தள்ளி வைத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்து, வரிசையாக விறைத்து நின்றார்கள்.

"நீங்க பாட்டுக்குத் தண்ணி எறைங்க. அப்படியே புடிக்கிறேன்."

"ஆமா, குனிஞ்சு கெடக்கயில புடிச்சிட்டுப் போயி டவுன்ல காட்டிச் சிரிக்கவா?"

"அப்ப இந்த மேட்டுலயாச்சும் ஒக்காருங்க பெரியம்மா."

அந்தப் பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒக்கார வச்சா? செத்தவுகளத்தான் ஒக்கார வச்சுப் புடிப்பாக. நான் என்ன செத்தா போனேன்? நின்ன வாக்குல புடி தாயி."

"நில்லுங்க பெரியம்மா, நூறு வருசத்துக்கு நில்லுங்க" என்று சிரித்துக்கொண்டே எடுத்தீர்கள்.

அவர்கள் குடம் தூக்கிப் போன பிறகுதான் நான் கேட்டேன். "எல்லாரையும் புடிக்கிறீக. ஒங்க படம் ஒண்ணுகூட இல்லையே மதினி." கல்யாணப் போட்டோவில் நீங்கள் குனிந்த தலை நிமிரவில்லை. நெற்றிச்சுட்டியும் மூக்கு நுனியும்தான் தெரியும். கேமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினீர்கள். இடத்தை நான்தான் தேர்ந்தேன். ஊற்றுக்கு மேற்கே, காற்று மணலை வரிவரியாக மடித்து வைத்திருந்த இடம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே நின்றீர்கள். வெயில் ஒரு கன்னத்தில் மட்டும் விழுந்தது. "சிரிக்கவா, வேண்டாமா?" என்று கேட்டீர்கள். கேட்டு முடிப்பதற்குள் அழுத்திவிட்டேன்.

புரட்டாசியில் உங்களுக்குக் கண் மஞ்சளித்தது. ஐப்பசிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாசலில் நாற்காலி போட்டு உங்களை உட்காரவைத்தார்கள். தலை சாயாமல் பின்னாலிருந்து ஒருவர் பிடித்துக்கொள்ள, ஸ்டூடியோக்காரர் படம் எடுத்தார். மூடியிருந்த உங்கள் கண்களின் மேல் திறந்த கண்களை வரைந்து, கண்ணாடி போட்டுக் கொடுத்திருக்கிறார். எல்லோருக்கும் அப்படித்தான் செய்வாராம். "உசிரோட இருக்க மாதிரியே இருக்கு" என்றார் அப்பா.

படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. எனக்கு அந்தக் கண்களைப் பார்க்கப் பயம். அவை உங்கள் கண்கள் இல்லை. ஆனால் இப்போது உங்களை நினைத்தால் அவைதான் முதலில் வருகின்றன. இன்னும் கொஞ்ச நாளில் உங்கள் கண்கள் மறந்தேபோகுமோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

இன்று மத்தியானம் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டு மண்டிக்குப் போனபோது சொல்லிவிட்டேன்.

"அண்ணே, கேமராவுக்குள்ள ரீலு இருக்கு."

பிசைந்த கை நின்றது. "அதுல அவ இருக்காளா?"

"நான்தான் புடிச்சேன். படம் விழுந்துச்சா என்னன்னு தெரியல."

வத்தல் நெடியாலோ என்னவோ மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். "சுத்தி எடுத்து வையி. நாளைக்கு லோடு ஏத்திக்கிட்டு மதுரைக்குப் போறேன். அங்க குடுத்துக் கழுவிட்டு வாரேன். அப்பா காதுக்குப் போச்சுன்னா சம்பந்தம் பேசுற நேரத்துல இது என்ன கூத்துன்னு ரெண்டு பேரையும் தொலைச்சிருவாக."

கேமராவின் முதுகிலுள்ள சிவப்புச் சன்னலில் பத்து என்று தெரிகிறது. குண்டாற்றில் நீங்கள் நின்ற படம் அது. மொத்தம் பன்னிரண்டில் இன்னும் இரண்டு பாக்கி. பாக்கி வைத்தது நீங்கள்தான். பாலவனத்தம் கரிசலில் மாசியில் பருத்தி வெடிக்கும் என்று நான் சொன்னபோது, "வெடிக்குமா? சத்தம் கேக்குமா?" என்று கேட்டீர்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போது விதைகூடப் போட்டிருக்கவில்லை. ஆனாலும் அந்த இரண்டையும் அதற்கென்று ஒதுக்கிவிட்டீர்கள். ஒன்றில் நீங்கள், ஒன்றில் நான்.

கொஞ்சம் எழுதாமல் இருந்தேன் மதினி. திருகைத் திருகினேன். அது இந்த ராத்திரியில் இவ்வளவு சத்தம் போடும் என்று நினைக்கவில்லை. பதினொன்று வந்தது, போனது. பன்னிரண்டு வந்ததும் கை ஓடவில்லை. அப்பா புரண்டு படுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் படாமல் கறுப்புத் தாள் ரீலை முழுக்க மூடும்வரை அதையும் சுற்றிவிட்டேன். டார்ச்சை அணைத்து, ரீலை எடுத்து, தாள் நுனியை நாக்கால் நனைத்து ஒட்டிவிட்டேன். இப்போது என் உள்ளங்கையில் இருக்கிறது.

கழுவினால் கடைசி இரண்டும் வெறுமையாகத்தான் வரும். வீணாக்கிவிட்டாயே என்று அண்ணன் கேட்பார். நான் என்ன சொல்ல? பனி காய்வதற்கு முன்னால், ரோட்டுக்குக் கிழக்கே, வெடித்த காய்களுக்கு நடுவில் நீங்கள் எங்கே நிற்க வேண்டும் என்று இடம்கூடப் பார்த்து வைத்திருந்தேன். மாசியில் கேமரா இல்லாமலே நான் போவேன். தனியாகப் போகப் பயமாகத்தான் இருக்கும். உங்கள் இடத்தை விட்டுவிட்டு, பக்கத்தில், வெயில் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து நிற்பேன்.