வாசலில் கழற்றிய சப்பாத்துகள்

என் கோபக்காரச் சிநேகிதிக்கு,

மூன்று முறை வென்ற மாநகரசபை ஆசனத்தை நீ இழந்துவிட்டாய் என்று வானொலியில் சொன்னார்கள். எங்கள் பல்கனியில் உன் எதிராளியின் தேர்தல் பலகை தொங்கியதை நீ கண்டிருப்பாய். அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கும் லோண்ட்றி அறை நினைவிருக்கிறதா? நீ புதுச் சட்டத்தரணி, நான் படிவம் நிரப்புகிறவள். சனிக்கிழமைகளில் வீட்டுக்காரன் அனுப்பிய கடிதங்களோடு வாடகைக்கு இருக்கிற சனம் உதவி கேட்டு வரும். கோயிலுக்கு வந்ததுபோல வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிடும். "ஐயோ, நிலம் ஈரம், போட்டுக்கொண்டு வாங்கோ" என்று கத்துவாய். ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் நீயும் கழற்றினாய். "சனம் வெறுங்காலோட நிக்க, நான் எப்பிடியடி சப்பாத்தோட இருக்கிறது?" என்றாய். உன் காலுறை பொழுதுபடும்வரை காயாது.

போன வருடம், அந்த அறைக்கு அப்போது வந்துபோன பிலோமினா அன்ரியை உன் அலுவலகத்துக்குக் கூட்டிவந்தேன். பழைய பழக்கத்தில் அவர் கதவடியில் சப்பாத்தைக் கழற்றினார். "போடுங்கோ அன்ரி, ஆக்கள் பாக்கினம்" என்றார் உன் உதவியாளர். உன் அறைக் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நீயும் பார்த்தாய். பிறகு தொலைபேசிப் பக்கம் திரும்பிவிட்டாய்.

சரி, பலகை ஏன் தொங்கியது என்று எழுதிவிட்டேன்.

நேற்று அன்ரி வந்தார், கையில் வீட்டைவிட்டு எழும்பச் சொல்லும் கடிதம். "பிள்ளை இப்ப சும்மாதானே இருப்பா, கேட்டுப் பாரன்" என்றார். அவருக்கு உன்மேல் கோபமே இல்லை. எனக்குத்தான்.

சனிக்கிழமை பத்து மணிக்கு லோண்ட்றி அறையைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். நிலம் இன்னும் ஈரம்தான். மாற்றுக் காலுறை கொண்டு வா.

உன் பழைய
படிவக்காரி